தொடர்ச்சி நாவலைப் படமாக்கும்போது எதைப் பின்பற்றுவது: புத்தகத்தையா, பழைய படத்தையா?

மழைக்கால வாசகி கேட்டது:

(இந்த இழையில் 'தி ஷைனிங்', 'டாக்டர் ஸ்லீப்' இரண்டின் முடிவுகளும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. படிக்காதவர்களும் பார்க்காதவர்களும் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.)

ஸ்டீபன் கிங்கின் இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்து முடித்த கையோடு இரண்டு படங்களையும் பார்த்தேன். நாவல்களைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பம் ஏதும் இல்லை. 1977இல் வெளிவந்த முதல் நாவலில் பேய்கள் உலவும் ஓவர்லுக் விடுதியின் கொதிகலன் வெடித்து, அதன் குளிர்காலப் பராமரிப்பாளரான ஜாக் டாரன்ஸோடு சேர்ந்து கட்டடமும் எரிந்து போகிறது. சமையல்காரர் டிக் ஹாலரன் உயிர் பிழைத்து, ஜாக்கின் மனைவி வெண்டியையும் மகன் டேனியையும் பத்திரமாக அழைத்துச் செல்கிறார். 36 ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல் வந்த தொடர்ச்சி நாவல் இவற்றையெல்லாம் நடந்து முடிந்தவையாக வைத்துக்கொண்டு, வளர்ந்து குடிகாரனாகிவிட்ட டேனியின் (இப்போது டான்) கதையைச் சொல்கிறது. விடுதி இருந்த இடத்தில் இப்போது வேறொரு கூட்டம் முகாமிட்டிருக்கிறது. இறுதி மோதல் அந்த வெற்று நிலத்தில்தான் நடக்கிறது.

1980இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த படத்திலோ ஹாலரன் கோடரியால் வெட்டுண்டு சாகிறார். ஜாக் புதர்ச்சுவர்களுக்கு இடையிலான சிக்கல் பாதையில் வழி தெரியாமல் பனியில் உறைந்து இறக்கிறார். விடுதிக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை. மைக் ஃப்ளானகன் 2019இல் 'டாக்டர் ஸ்லீப்' நாவலைப் படமாக்கியபோது கூப்ரிக் படத்தின் இந்த மூன்று நிகழ்வுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் நாவலில் இல்லாத விடுதி படத்தில் நிற்கிறது. நாவலில் உயிரோடிருக்கும் மனிதர் படத்தில் பேயாக வருகிறார். நாவலின் முடிவில் உயிரோடிருக்கும் டான் படத்தில் இறந்துவிடுகிறார்.

என்னுடைய கேள்வி இதுதான். ஒரு தொடர்ச்சி நாவலைப் படமாக்க வருகிறவர், அந்த நாவல் எந்தப் புத்தகத்தின் தொடர்ச்சியோ அதற்குக் கட்டுப்பட்டவரா, அல்லது பார்வையாளர்களின் நினைவில் இருக்கும் பழைய படத்துக்குக் கட்டுப்பட்டவரா? கூப்ரிக்கின் படம் பிடிக்கவில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கிங் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார்? டானைச் சாகடிக்க வேண்டிய தேவைதான் என்ன? அந்த மரணம் என்னை அழ வைத்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தை நினைத்துப் பார்க்கும்போது, என்னிடமிருந்து எதையோ பறித்துவிட்டதைப் போலவும் இருக்கிறது.

திரைக்கதைப் பித்தன்:

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது என்பது என் எண்ணம். சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

படத்தில் டான் எப்படிச் சாகிறான் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விடுதி அவனுக்குள் புகுந்துகொள்கிறது. கையில் கோடரியோடு, தன்னைப் போலவே அமானுஷ்யத் திறன் கொண்ட சிறுமி ஏப்ராவைத் துரத்துகிறான். ஒரு கணம் தன்னுணர்வு திரும்பி அவளை ஓடிவிடச் சொல்கிறான். அவன் முன்கூட்டியே திருகிவைத்த கொதிகலன் விடுதியை எரிக்க, அந்தத் தீயிலேயே முடிந்து போகிறான். இதை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். 1977 நாவலில் ஜாக் டாரன்ஸுக்கு நேர்வது ஏறத்தாழ இதுதான். அங்கேயும் தந்தை ஒரு நொடி தானாகத் திரும்பி வந்து மகனைத் தப்பிக்கச் சொல்கிறார், அங்கேயும் கவனிக்கப்படாத கொதிகலன்தான் விடுதிக்கு எமனாகிறது. கூப்ரிக் அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டு, மனித உணர்வின் கடைசிச் சொட்டும் வற்றிப்போன ஒருவரைப் பனியில் உறைய விட்டார். 39 ஆண்டுகளாகத் திரையரங்குக்கு வராமல் கிடந்த அந்த முடிவை ஃப்ளானகன் மகனுக்குக் கொடுத்தார். ஆகவே, நீங்கள் இரண்டாம் நாவலிலிருந்து பறிபோனதாக உணரும் ஒன்றுக்கு ஈடாக, முதல் நாவலிலிருந்து பறிபோன ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டால் கிங்கின் சம்மதமும் புரியும். அவருக்குக் கூப்ரிக் படத்தின்மீது இருந்த மனக்குறை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நாவலை எழுதியபோது கிங் தானே குடிப்பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர். ஜாக், நல்லவனாக இருக்க முயன்று தோற்றுப்போகிற தகப்பன். படத்தில் ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலேயே புருவத்தை உயர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், வீழ்வதற்கு அந்த மனிதனிடம் உயரமே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் கிங் சொன்னதன் சாரம். எஞ்சின் இல்லாத அழகான பெரிய கார் என்று அந்தப் படத்தை அவர் ஒப்பிட்டதும் பலருக்குத் தெரிந்ததே. 1997இல் அவரே திரைக்கதை எழுதி, மிக் காரிஸ் இயக்கத்தில், தனக்கு அந்த நாவலின் கரு தோன்றிய கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலிலேயே படமாக்கித் தொலைக்காட்சித் தொடராக வெளியிட்டார். புத்தகத்துக்கு மிக நெருக்கமான அந்தத் தொடரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஃப்ளானகன் விடுதிக்குத் திரும்பப் போகிறேன் என்று சொன்னபோது கிங் முதலில் மறுத்துவிட்டார். பிறகு ஃப்ளானகன் ஒரே ஒரு காட்சியை மட்டும் அவருக்கு விவரித்தார். பாழடைந்த தங்க மண்டபத்தில் டான் மதுக்கூட மேசை முன் வந்து அமர்கிறான். எதிரே கோப்பையை நிரப்பி நீட்டும் சிப்பந்தியாக அவனுடைய தந்தை நிற்கிறார், ஆனால் தன்னை ஜாக் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார். குடியை விட்டு எட்டு ஆண்டுகளான மகன்முன் குடியால் அழிந்த தகப்பன் மது ஊற்றி வைக்கும் காட்சி. கூப்ரிக்கின் அரங்கத்துக்குள், கூப்ரிக் பேசவே விரும்பாத கிங்கின் விஷயம். அதைக் கேட்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. படத்தைப் பார்த்தபின், பழைய படத்தில் தனக்குப் பிடிக்காமல் போனவற்றுக்கு இதில் பரிகாரம் கிடைத்ததாகக் கிங் வெளிப்படையாகவே சொன்னார்.

இனி நடைமுறைக்கு வருவோம். இத்தகைய படத்தை எழுதுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியவை யார் உயிரோடிருக்கிறார், எந்தக் கட்டடம் நிற்கிறது போன்ற மிகச் சாதாரணமான கேள்விகள். அவற்றில் பழைய படத்தோடு மோதினால் பார்வையாளர் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஹாலரன் விஷயத்தில் ஃப்ளானகன் செய்தது எவ்வளவு சிக்கனமானது என்று கவனியுங்கள். நாவலில் உயிரோடிருக்கும் ஹாலரன் சிறுவன் டேனிக்கு ஒரு வித்தை கற்றுத் தருகிறார்: பேய்களை மனத்துக்குள் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டும் வித்தை. படத்தில் அதே வித்தையைக் கடற்கரையில் அமர்ந்து கற்றுத் தருகிறவர் இறந்துபோன ஹாலரன். காட்சியின் பயன் மாறவில்லை. கூப்ரிக் படத்தில் அவர் செத்ததும் செல்லாததாகிவிடவில்லை. செத்தவர்களோடு பேசும் திறன் படைத்த சிறுவனின் கதை என்பதால் இது இயன்றது. எல்லாக் கதைகளுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை.

பழைய சுருள்:

திரைக்கதைப் பித்தன் இவ்வளவு அழகாக எழுதிய பிறகு மறுத்துப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் படத்தின் முதல் இரண்டு மணி நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தில் டான் வேலை பார்ப்பதும், அவர்களுடைய கட்டிலருகே அமர்ந்து அமைதியாக வழியனுப்புவதும், ஏப்ரா தொலைவிலிருந்தே சுவரில் எழுதி அவனோடு பேசுவதும், ரெபெக்கா ஃபெர்குசன் நடித்த வில்லி ரோஸ் தன் தொப்பியோடு நடந்து வரும் ஒவ்வொரு காட்சியும் சொந்தக் காலில் நிற்பவை. ரோஸின் கூட்டம் பேஸ்பால் ஆடும் சிறுவனைக் கொல்லும் காட்சியில் கூப்ரிக்கின் நிழல்கூட இல்லை, ஆனால் படத்திலேயே தாங்க முடியாத காட்சி அதுதான். விடுதிக்குள் நுழைந்ததும் படம் அருங்காட்சியகமாகிவிடுகிறது. இதோ 237ஆம் அறை, இதோ ரத்தம் பாயும் மின்தூக்கி, இதோ இரட்டைச் சிறுமிகள், இதோ கோடரி பிளந்த கதவு. பழைய அரங்க வரைபடங்களைக் கொண்டு அத்தனை துல்லியமாக மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அந்தத் துல்லியமே எனக்குப் பயத்தைப் போக்கிவிட்டது. நான் பயந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

இன்னொன்று. நாவலின் உச்சம் விடுதியில் இல்லை. டான் மிகமிகக் கீழே விழுந்திருந்த நாளில், ஒரு கைக்குழந்தைக்காரியின் பணத்தைத் திருடிக்கொண்டு போகிறான். அந்த வெட்கத்தைப் பல ஆண்டுகள் சுமந்து, கடைசியில் குடிநோயாளிகளின் கூட்டத்தில் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்கிறான். கிங் எழுதியதிலேயே மிக நேர்மையான பக்கங்கள் அவை. படத்தில் அந்தத் திருட்டு இருக்கிறது, அந்த ஒப்புதல் இல்லை. டான் தீயில் தியாகியாகிவிட்டதால் ஒப்புதலுக்கு இடமும் இல்லாமல் போயிற்று. விடுதி வேண்டும் என்று முடிவெடுத்ததற்குக் கொடுத்த உண்மையான விலை இதுதான் என்பேன்.

மழைக்கால வாசகி:

இருவருக்கும் நன்றி. முதல் நாவலின் முடிவு மகனுக்கு இடம் மாறியிருக்கிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டையும் ஒரே மாதத்தில் படித்தும் கவனிக்காமல் போனது எனக்கே வியப்பாக இருக்கிறது. ஆனால் திருட்டைப் பற்றிப் பழைய சுருள் சொன்னதைப் படித்ததும், என்னிடமிருந்து பறிபோனதாக நான் எழுதியது எதை என்று இப்போது தெளிவாகிவிட்டது. அந்த ஒப்புதலைத்தான். படத்தில் அதற்குப் பதிலாக, எட்டாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் டான் தன் தந்தையைப் பற்றிப் பேசுகிறான். நல்ல காட்சிதான், ஆனால் அதில் அவனுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

இதுபோல் ஒரு புகழ்பெற்ற படத்துக்குப் பிறகு, மூல எழுத்தாளரின் அடுத்த நாவலைப் படமாக்கிய வேறு முயற்சிகள் உண்டா? அங்கே என்ன நடந்தது?

இரவுக்காட்சி:

உண்டு. நான் சொல்லப்போகும் படத்தில் எழுத்தாளரே இயக்குநர். அப்படியும் தப்பிக்க முடியவில்லை.

வில்லியம் பீட்டர் பிளாட்டி எழுதிய 'தி எக்ஸார்சிஸ்ட்' (பேயோட்டுபவர்) நாவல் 1971இல் வந்தது. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய படம் 1973இல் வந்தது. அதன் பிறகு 1977இல் வந்த இரண்டாம் படத்துக்கும் பிளாட்டிக்கும் சம்பந்தம் இல்லை. 1983இல் பிளாட்டி 'லீஜியன்' என்ற நாவலை எழுதினார். முதல் கதையில் துணைப் பாத்திரமாக வந்த துப்பறியும் அதிகாரி கிண்டர்மன்தான் இதில் நாயகர். என்றோ இறந்துபோன ஒரு தொடர் கொலையாளியின் கைவரிசையோடு புதிய கொலைகள் நடக்கின்றன. மனநலப் பிரிவின் பூட்டிய அறையில் இருக்கும் ஒரு நோயாளியின் முகம், பல ஆண்டுகளுக்கு முன் படிக்கட்டில் விழுந்து இறந்த பாதிரியார் காரஸின் முகமாக இருக்கிறது. அது துப்பறியும் கதையும் இறையியல் தர்க்கமும் கலந்த நாவல். அதில் பேயோட்டும் சடங்கு கிடையாது.

பிளாட்டி அதைத் தானே படமாக்கினார். அறையில் இருக்கும் நோயாளியாக பிராட் டூரிஃபை மட்டும் வைத்து எடுத்து முடித்தார். தயாரிப்பு நிறுவனத்தின் பார்வை வேறு மாதிரி இருந்தது. 1990இல் 'தி எக்ஸார்சிஸ்ட் 3' என்ற பெயரில் வெளிவரும் படத்தில் ஒரு பேயோட்டுதலும் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டார்கள். வியாபாரக் கணக்கில் அந்தக் கேள்வியில் தவறு சொல்ல முடியாது. பெயரை அப்படி வைத்ததே அவர்கள்தான் என்பதுதான் வேடிக்கை. காரஸாக முதல் படத்தில் நடித்த ஜேசன் மில்லரை அழைத்து வந்து காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள். பேயோட்டுவதற்கென்றே ஒரு புதிய பாதிரியாரைக் கதைக்குள் நுழைத்தார்கள். படம் முழுவதும் அவருக்கு வேறு வேலை இல்லை என்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். விளைவாக, இன்று நாம் பார்க்கும் படத்தில் அதே அறையில் அதே கட்டிலில் ஒரு நொடி மில்லரும் மறு நொடி டூரிஃபும் மாறி மாறி அமர்ந்திருக்கிறார்கள். இது தற்செயலாகக் கிடைத்த பயங்கரம். டூரிஃபின் நடிப்பினால் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இறுதிப் பதினைந்து நிமிடங்கள் வேறு யாரோ எடுத்து ஒட்டியதைப் போல இருக்கும்.

பழைய சுருள் சொன்ன 'அருங்காட்சியக'க் குறைக்கு இந்தப் படத்தில் நேர் எதிரான சான்று உண்டு. மருத்துவமனை நடைக்கூடத்தை ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கேமரா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். செவிலியர் ஓர் அறைக்குள் போவார், வருவார், எதுவும் நடக்காது. பிறகு நடக்கும். முதல் படத்திலிருந்து எதையும் கடன் வாங்காத அந்த ஒரு காட்சியைத்தான் திகில் ரசிகர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். படத்தைக் காப்பாற்றுவதற்காகத் திணிக்கப்பட்ட பேயோட்டுதலை நினைவில் வைத்திருப்பவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

பிளாட்டி முதலில் எடுத்த வடிவத்தின் மூலப் படச்சுருள்கள் கிடைக்காமல் போய்விட்டன. 2016இல் வெளியான வடிவத்தில், விடுபட்ட காட்சிகளைப் பழைய ஒளிநாடாப் பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். படம் திடீரென மங்கும்போதெல்லாம், இது அவர் எடுத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஓரக்குறிப்பு:

மேலே பேசப்பட்ட இரண்டிலும் நாவல் ஒரு பக்கமும் பழைய படம் ஒரு பக்கமும் இழுத்தன. தொடர்ச்சி நாவலை எழுதும்போதே எழுத்தாளர் படத்தின் பக்கம் சாய்ந்துவிட்ட நிகழ்வும் உண்டு. திகில் வகை இல்லை என்றாலும், சம்பந்தப்பட்டவர் அதே கூப்ரிக் என்பதால் சொல்கிறேன். ஆர்தர் சி. கிளார்க்கின் '2001' நாவலில் விண்கலம் சனிக்கோளுக்குப் போகிறது. 1968இல் வந்த படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. 1982இல் அடுத்த நாவலை எழுதிய கிளார்க், தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தையே பின்பற்றி வியாழனை வைத்துக்கொண்டார். 1984இல் அதைப் படமாக்கிய பீட்டர் ஹையம்ஸுக்கு 'விடுதி நிற்கிறதா, எரிந்துவிட்டதா' என்பதைப் போன்ற தலைவலி வரவே இல்லை. கிங் அதைச் செய்ய மறுத்தார். அவருடைய நாவலில் விடுதி எரிந்தது எரிந்ததுதான். ஃப்ளானகனின் சிக்கல் முழுவதும் அந்த மறுப்பிலிருந்து பிறந்தது.

மூன்றாவது வகை, நாவலின் முடிவை யாருமே விரும்பாதது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' 1991இல் வந்து ஐந்து முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் வாங்கியது. தாமஸ் ஹாரிஸ் 1999இல் வெளியிட்ட தொடர்ச்சி நாவலான 'ஹானிபல்', எஃப்.பி.ஐ. அதிகாரி கிளாரிஸ், கொலைகாரன் ஹானிபல் லெக்டரோடே போய் வாழ்வதாக முடிகிறது. முதல் படத்தின் இயக்குநர் ஜோனதன் டெமி வரவில்லை. அதில் கிளாரிஸாக நடித்த ஜோடி ஃபாஸ்டரும் வரவில்லை. 2001இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்தில் ஜூலியான் மூர் கிளாரிஸாக நடித்தார். முடிவை முற்றிலும் மாற்றி, கைவிலங்கிலிருந்து தப்பிக்க லெக்டர் தன் கையையே வெட்டிக்கொள்வதாக வைத்தார்கள். அந்தப் படம் உலக அளவில் 35 கோடி டாலர் வசூலித்தது. இருதரப்பையும் சமாதானப்படுத்த அத்தனை பாடுபட்ட 'டாக்டர் ஸ்லீப்' ஏறத்தாழ 7.2 கோடியோடு நின்றது. வசூலை வைத்துத் தழுவலின் தரத்தை எடை போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் அருகருகே காட்டுவது என் வழக்கம்.

திரைக்கதைப் பித்தன்:

பழைய சுருளுக்கு ஒரு பாதி ஒப்புதல். விடுதிக்குள் நடப்பனவற்றில் ரத்தம் பாயும் மின்தூக்கியும் இரட்டைச் சிறுமிகளும் இல்லாவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அவை நமக்காக வைக்கப்பட்டவை, டானுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஆனால் மதுக்கூடக் காட்சியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் தந்தையாக வரும் ஹென்றி தாமஸ் நிக்கல்சனைப் போலப் பேசிக்காட்ட முயலவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பழைய நடிகர்களின் முகங்களைக் கணினியால் உருவாக்காமல், அவர்களை நினைவூட்டும் வேறு நடிகர்களைப் போட்டதனால்தான் தந்தையின் முகத்தில் ஓர் அந்நியம் தெரிகிறது. தன்னை ஜாக் இல்லை என்று சொல்லும் மனிதருக்கு அது பொருந்தியும் வருகிறது.

ஒப்புதல் காட்சி இல்லாதது குறைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழைக்கால வாசகி:

மீண்டும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மூன்று மணி நேர வடிவம் ஒன்று இருப்பதாகத் தெரிகிறது. அதில் அந்த ஒப்புதல் இருக்கிறதா?

பழைய சுருள்:

இல்லை. திரையரங்க வடிவம் 152 நிமிடங்கள், இயக்குநரின் வடிவம் 180 நிமிடங்கள். நாவலைப் போல அத்தியாயத் தலைப்புகள் வரும். சிறுவன் டேனியும் வெண்டியும் விடுதியிலிருந்து தப்பி வந்த பின் வாழும் நாட்கள் சற்று விரிவாக இருக்கும். படம் அவசரப்படாமல் மூச்சு விடுகிறது. என்னைக் கேட்டால் அந்த வடிவத்தையே பாருங்கள். விடுதிக்குப் போகும் மலைப்பாதை வரும்போது நிறுத்திவிட்டு, நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. திரைக்கதைப் பித்தன் என்னைத் திட்டுவார், பரவாயில்லை.